பந்தலுக்குள் நுழையும் டிராக்டர்: வாங்கலாமா, வாடகையே போதுமா?

கேள்வி: கம்பம் பக்கத்தில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சையும் ஒரு ஏக்கர் தென்னையும் வைத்திருக்கிறேன். வாடகை டிராக்டருக்கும் மருந்தடிக்கும் ஆள்கூலிக்கும் ஆண்டுக்கு ரூ.1.4 லட்சம் போகிறது. சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வாங்கினால் இது மிச்சமாகும். மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441, வி.எஸ்.டி. 270 மூன்றையும் விசாரித்தேன். ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல்கலப்பை), மருந்து தெளிப்பான் சேர்த்து ரூ.8 லட்சம் வரும். கையில் ரூ.3 லட்சம் இருக்கிறது. மீதிக்கு டீலர் மூலமாக ‘9 சதவீத’ வட்டியில் கடன் தருகிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். மைத்துனரோ, ‘இன்னும் கொஞ்சம் போட்டு 45 ஹெச்.பி. வண்டியே எடு’ என்கிறார். எது சரி?

பதில்: மைத்துனரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம். 45 ஹெச்.பி. வண்டி, திராட்சைக் கொடி படர்ந்த உங்கள் பந்தலுக்குள் போகாது. தென்னைக்கு மட்டும் பயன்படும் டிராக்டருக்கு ஒரு ஏக்கர் போதாது.

மினி டிராக்டருக்கு உங்கள் தொகைகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். ரூ.8 லட்சத்துக்கு வாங்கிய வண்டியும் கருவிகளும் பத்து ஆண்டு கழித்து ரூ.2.5 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ரூ.55,000 தேய்மானம். ரூ.5 லட்சம் வங்கிக் கடனுக்கு 12% வட்டி (டீலரின் 9% பற்றிப் பிறகு சொல்கிறேன்), ஐந்து ஆண்டு என்றால் மொத்த வட்டி ரூ.1.67 லட்சம், அதைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ரூ.17,000. உங்கள் ரூ.3 லட்சம் வங்கியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி ரூ.20,000. இன்சூரன்ஸ், டயர், பழுது ரூ.25,000. ஆண்டுக்கு 200 மணி நேரம் ஓட்டினால், மணிக்கு இரண்டரை லிட்டர் வீதம் டீசல் ரூ.46,500. கூட்டினால் ரூ.1,63,500. நீங்களே ஓட்டினால்தான் இந்தக் கணக்கு. டிரைவர் வைத்தால் இன்னும் ஏறும்.

வாடகையைவிட ரூ.23,500 அதிகம். ‘மிச்சமாகும்’ என்ற உங்கள் நம்பிக்கை இன்றைய நிலையில் தவறு.

ஆனால் திராட்சைக்கு இன்னொரு கணக்கு உண்டு. மழை விட்ட மறுநாள் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடித்தாக வேண்டும். அன்றைக்குத்தான் ஊரில் எல்லோருக்கும் ஆளும் வண்டியும் வேண்டும். இரண்டு நாள் தாமதத்தில் ஒரு பறிப்பில் எவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடந்த மூன்று ஆண்டில் அப்படி ஒரு முறையாவது பெரிய நட்டம் வந்திருந்தால், வாங்கும் பக்கம் தராசு சாயும்.

முழுதாகச் சாய்வது மானியத்தால்தான். நான்கு ஏக்கர் என்பதால் நீங்கள் சிறு விவசாயி. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 50% மானியப் பிரிவில் வருவீர்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்பு உண்டு, ஆகையால் ரூ.8 லட்சத்தில் பாதி என்று எண்ண வேண்டாம். ரூ.2 லட்சம் கிடைத்து அது கடனைக் குறைத்தால், ஆண்டுச் செலவு ரூ.1,36,500 ஆகிவிடும். நூலிழை லாபம், ஆனாலும் லாபம். உழவன் செயலியில் விண்ணப்பித்துவிட்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் நேரில் போய் வாருங்கள். முழு விலையையும் முதலில் கட்ட வேண்டுமா, உங்கள் பங்கு மட்டும் போதுமா என்று கேளுங்கள். அனுமதி கைக்கு வருமுன் வண்டியை எடுத்துவிட்டு மானியம் கேட்டு அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி கடன். டீலர் சொல்லும் 9% ‘ஃப்ளாட்’ வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே கடைசிவரை போடும் வட்டியா என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரூ.5 லட்சத்துக்கு ஐந்து ஆண்டில் ரூ.2.25 லட்சம் வட்டி, மாதம் ரூ.12,083 தவணை. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 15.7%. வங்கியின் 12% இதைவிட மலிவு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல், இத்தகைய கடனுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் தருபவர் எழுத்தில் காட்ட வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். பறிப்புக் காசு வரும் மாதங்களில் தவணை விழும்படி அரையாண்டுத் தவணை கேட்பதும் வழக்கம்தான். நகை வேண்டாம். ஓர் ஆண்டில் திருப்ப வேண்டிய நகைக்கடனில், ஐந்து ஆண்டில் பலன் தரும் இயந்திரத்தை வாங்கினால் ஆண்டுதோறும் வங்கி வாசலில்தான் நிற்பீர்கள்.

மூன்று வண்டிகளில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் பந்தல்தான் சொல்ல வேண்டும். கவாத்து முடிந்து கொடி வெட்டிய தோட்டத்தில் அளக்காதீர்கள். குலை தொங்கும் நேரத்தில், கம்பி எங்கே அதிகம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பானட்டின் உயரத்தைவிட, இருக்கையில் உட்கார்ந்தபின் உங்கள் தலை எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். சைலன்சர் மேல்நோக்கி நின்றால் குலைகளைக் கருக்கிவிடும். கீழ்நோக்கித் திருப்பிய மாதிரி கிடைக்குமா என்று கேளுங்கள். ஷோரூம் முற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது எதற்கும் உதவாது. வண்டியை உங்கள் தோட்டத்துக்கு வரவழைத்து, ரொட்டவேட்டர் மாட்டி, வரிசை முடிவில் கல்தூணில் உரசாமல் ஒரே முயற்சியில் திரும்புகிறதா என்று பாருங்கள். டெமோ தர மறுக்கும் டீலரை விட்டுவிடலாம்.

ஹெச்.பி. என்று விளம்பரத்தில் இருப்பது என்ஜினின் திறன். தெளிப்பானைச் சுழற்றுவது பி.டி.ஓ. திறன், அதாவது வண்டியின் பின்பக்கச் சுழல்தண்டு வழியாகக் கருவிக்குப் போய்ச் சேரும் திறன். ஒரே 24 ஹெச்.பி. என்று விற்கும் இரண்டு வண்டிகளுக்குள்ளும் இது கணிசமாக மாறும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கையில் பி.டி.ஓ. திறனும் டீசல் செலவும் இருக்கும். டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். பிறகு நீங்கள் வாங்கப்போகும் தெளிப்பானுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதோடு ஒப்பிடுங்கள்.

டீலரிடம் போனால் ஷோரூமுக்கு முன் பின்பக்க ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் நேராகப் பேசுங்கள்: கிளட்ச் பிளேட் இருப்பில் இருக்கிறதா, முன் அச்சு சீல் வர எத்தனை நாள், மருந்தடிக்கும் வாரத்தில் வண்டி நின்றால் தோட்டத்துக்கு வருவீர்களா? விற்பனையாளர் பதிலும் மெக்கானிக் பதிலும் ஒத்துப்போகும் கடைதான் நல்ல கடை. அதற்காக ரூ.15,000 கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

கொட்டேஷன் வாங்கும்போது மானியப் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் ரொக்க விலை வரட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கொட்டேஷனில் அது தெரிகிறதா என்று பாருங்கள். பதிவு, இன்சூரன்ஸ், பம்பர், ஹூக் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதியிருக்க வேண்டும். முன்பணம் கேட்டால், மானியமோ கடனோ கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.