‘ஸ்டவ் வெடித்தது’ என்று சொல்லிவிட்டாள், இனி கேஸ் நிற்குமா?

கேள்வி: என் தங்கையை உசிலம்பட்டி பக்கம் கட்டிக்கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு முன்னால் சண்டையில் அவள் புருஷன் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்துவிட்டான். கழுத்து, நெஞ்சு, இரண்டு கையும் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்திலேயே நின்றதால் ‘ஸ்டவ் வெடித்தது’ என்று டாக்டரிடமும் போலீஸிடமும் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள், உண்மையைச் சொல்லத் தயார். பிள்ளை இன்னும் அவனிடம்தான். ‘அவளே சொல்லிட்டா, இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்கிறார்கள். உண்மையா?
– ஓர் அக்கா, செக்கானூரணி

பதில்: உண்மை இல்லை அம்மா. அதை முதலில் தங்கையிடம் சொல்லுங்கள். உடம்பெல்லாம் எரியும்போது, பிள்ளை அவன் வீட்டில் இருக்கும்போது, அவனே கட்டில் தலைமாட்டில் நிற்கும்போது அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

தீக்காயக்காரர்களிடம் எழுதி வாங்குவது மரண வாக்குமூலம் ஆவது அவர் இறந்துபோனால்தான். உங்கள் தங்கை பிழைத்துவிட்டாள், அதனால் அன்றைக்குச் சொன்னது முன்பு சொன்ன ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கோர்ட்டில் கூண்டேறி அவள் சொல்வதுதான் சாட்சி. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பழைய பேப்பரை நிச்சயம் நீட்டுவார். அதனால் அன்று ஏன் மாற்றிச் சொன்னாள், பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதைப் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். மறைத்துவைத்து நடுவில் வெளிவந்தால்தான் கேஸ் ஆட்டம் காணும்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை போட்டாக வேண்டும், மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில், கொலை முயற்சிக்குப் பிரிவு 109, கணவனின் கொடுமைக்குப் பிரிவு 85. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிய வேண்டும் என்று போலீஸிடம் கேளுங்கள், இதை விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காயத்தைப் பற்றி எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, காயத்தின் போட்டோக்கள், மருந்து பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மேலிருந்து ஊற்றிப் பற்றவைத்த காயமும் ஸ்டவ் வெடித்த காயமும் உடம்பில் ஒரே மாதிரி விழுவதில்லை. சிகிச்சை கொடுத்த டாக்டரின் குறிப்பே நாளைக்குப் பேசலாம்.

பிள்ளைக்கு, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனியாக மனுப் போடுங்கள். தற்காலிகமாகப் பிள்ளையை அவளிடம் ஒப்படைக்கவும், வைத்தியச் செலவைக் கணவன் கொடுக்கவும் அதிலேயே உத்தரவு வாங்கலாம். அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் 15100-க்குப் போன் போடுங்கள். பெண் என்பதாலேயே இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று 2018-இல் வந்த இழப்பீட்டுத் திட்டத்தில், ஆசிட் மட்டுமல்ல, தீயில் எரிக்கப்பட்டவர்களும் உண்டு. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால உதவி கேட்டு இந்த வாரமே மனுக் கொடுங்கள்.

கேள்வி: மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் என் அண்ணன்மேல் கொதிக்கிற எண்ணெய் கவிழ்ந்து வலது கை வெந்துவிட்டது. முதலாளி பத்தாயிரம் கொடுத்து, வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்.
– தம்பி, மேலூர்

பதில்: கையெழுத்து மட்டும் போடவேண்டாம் தம்பி. பணத்தை வாங்கினால் ‘வைத்தியச் செலவுக்கு’ என்று எழுதி வாங்குங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கும் எந்தக் காகிதமும் சட்டத்தில் செல்லாது, ஆனால் வெள்ளைப் பேப்பரில் பிறகு என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்திருக்க வேண்டும். முதலாளி பணம் கட்டாமல் விட்டது அண்ணன் குற்றம் ஆகாது, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. வராத கடை என்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு, இரண்டு வருஷத்துக்குள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லையே என்று பயப்படாதீர்கள்: கூட வேலை பார்த்தவர்கள், ஜி-பே-யில் வந்த சம்பளம், ‘வேலை செய்யும்போது எண்ணெய் கொட்டியது’ என்று எழுதிய ஏ.ஆர். காப்பி, இதெல்லாம் ஆதாரம்தான். விரல்கள் மடங்காமல் போனால் ஊனச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள், தொகை அதை வைத்துத்தான் கூடும்.

கேள்வி: சமையல் கேஸ் கசிந்து தீப்பிடித்தால் இழப்பீடு உண்டா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: உண்டு. எண்ணெய் நிறுவனங்களே இன்சூரன்ஸ் எடுத்திருக்கின்றன, நீங்கள் பிரீமியம் எதுவும் கட்டவேண்டியதில்லை. இறந்தால் 6 லட்சம், சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, போலீஸிலும் பதிந்துவிடுங்கள். கசிவு தெரிந்தால் 1906-க்குப் போன் போடுங்கள். யாருக்காவது தீ பட்டுவிட்டால் இட்லி மாவு, பேனா மை, பேஸ்ட் எதையும் பூசாமல் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர் விட்டு, வளையல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.