வேலை பிடிக்கலையா, வேலையில எது பிடிக்கலை? – கேள்வி பதில்

கடலூர் சிப்காட் ஆலைகளில் 29 வருடம் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். வேலையில் மனநிறைவு பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தவளக்குப்பம்: சார், ஐ.டி. வேலையில் மூன்று வருடம். ஞாயிறு சாயங்காலமே வயிறு கலக்குகிறது. ராஜினாமா பண்ணிடலாமா?

தம்பி, தூக்கமும் பசியும் போயிருந்தால் முதலில் டாக்டரைப் பார். அப்படி இல்லையென்றால் மூன்று வாரம் தினமும் ராத்திரி இரண்டே வரி எழுது: இன்று எந்த மணி நேரம் போனதே தெரியவில்லை, எந்த மணி நேரம் நகரவே இல்லை. ‘வேலை பிடிக்கலை’ என்று என் மேசைக்கு வந்தவர்களில் பலருக்கு வேலை பிடித்தே இருந்தது. ஷிப்டோ, சூப்பர்வைசரோ, இரண்டு பஸ் மாறுவதோதான் அவர்களை வாட்டியது. ஆய்வகத்தில் ஒரு கெமிஸ்ட் இருந்தார். தான் எழுதும் எண்கள் எங்கே போகின்றன என்றே தெரியாமல் வருடக்கணக்காக எழுதியவர். ஒருநாள் பிளாண்டுக்கு அழைத்துப் போய், அவர் எழுதிய எண்ணைப் பார்த்து ஒரு பேட்ச்சையே நிறுத்துவதைக் காட்டினோம். மாற்றல் கேட்டுக் கொடுத்த கடிதத்தை மறுவாரமே திரும்ப வாங்கிக்கொண்டார். உனக்கு வலிப்பது எந்த இடம் என்று தெரியாமல் கம்பெனி மாறினால் அதே வலி கூடவே வரும். அடுத்த வேலைக்கான ஆர்டர் கையில் வராமல் ராஜினாமா எழுதாதே.

பண்ருட்டி: பி.இ. முடித்த பையன் முந்திரி வியாபாரம் செய்கிறேன் என்கிறான் ஐயா.

ஒரு சீசன் கொட்டை வாங்கி, உடைத்து, தரம் பிரித்து விற்றுப் பார்க்கட்டும் அம்மா. ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்த பிறகும் ‘இதுதான்’ என்றால் விட்டுவிடுங்கள். முதல் சீசனுக்குக் கடன் மட்டும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம்: குரூப் 4 வேலை என்றால் நிம்மதிதானே?

அது ஒரு தேர்வின் பெயர், ஒரு வேலையின் பெயர் அல்ல. வி.ஏ.ஓ.வின் நாள் வேறு, தட்டச்சரின் நாள் வேறு. இரண்டு பேரோடும் ஒருநாள் உட்கார்ந்து பார்.

மஞ்சக்குப்பம்: நானும் ராஜினாமா செய்யலாமா?

தவளக்குப்பத்துக்கு எழுதியதைப் படி. ஆர்டர் கையில் வரட்டும்.

குறிஞ்சிப்பாடி: நிரந்தர வேலை, 4 வருடம் 2 மாதம் ஆச்சு. விட்டுடலாமா?

5 வருடம் முடியட்டும். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, ஏன் விடுகிறாய்? ஆர்டர் விஷயத்தை மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

வில்லியனூர்: ஐயா, எங்கப்பா மில்லில் முப்பது வருடம் நின்றார். மகிழ்ச்சி என்ற பேச்சே கிடையாது, சம்பளம் வந்தால் போதும். இதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு.

இதை அப்படியே விட்டுப் போக எனக்கு மனசில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கூலி மட்டுமா கேட்டார்கள்? வேலை நேரத்துக்கும் ஒரு எல்லை கேட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிப் பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்பது வயிறு நிறைந்தவன் ஆசையா?

முதலியார்பேட்டை: அது உரிமை சார். மகிழ்ச்சி வேறு.

வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு இடமே கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரிடம் ‘வேலையை நேசி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வில்லியனூர்: அப்பாவுக்கு நேரமும் கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது. அப்போதும் மகிழ்ச்சி என்று அவர் சொன்னதில்லையே?

சொல்லியிருக்க மாட்டார். புதுச்சேரி ஏ.எப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லை 2020இல் மூடிய பிறகும் சங்கு நேரத்துக்கு எழுந்து உட்காரும் பெரியவர்களை உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் மகிழ்ச்சியாக இருந்தீர்களா என்று கேட்காதீர்கள். ஓடும் தறியில் நூல் அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் பேசினார் என்று எனக்கு எழுதுங்கள்.