பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேரலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருநங்கை. வீட்டை விட்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வேறு மாவட்டத்தில், என்னை ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கையான என் குருவோடும் இன்னும் மூன்று பேரோடும் வாடகை வீட்டில் இருக்கிறேன். அரசிதழில் பெயர் மாற்றியாயிற்று. ஆதாரிலும் பெயர் மாறிவிட்டது. திருநங்கை அடையாள அட்டையும் கையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் மட்டும் அப்பா வீட்டு முகவரியில் பழைய பெயரோடு ‘ஆண்’ என்று இருக்கிறேன். இந்தப் பகுதி பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), “அதை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டு, புதுப் பேர்ல புதுசா போட்டுடுங்க, அதான் ஈஸி” என்கிறார். செய்யலாமா? அப்பா பெயரைப் போட எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்கு விஷயம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செய்யாதீர்கள். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்.

புதிதாகச் சேருவதற்கான படிவம் 6, இதுவரை எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்களுக்கானது. ‘வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை’ என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள். பழைய பதிவு இருக்கும்போதே போட்டால் அது பொய் உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவில் இதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெயர் மாறினாலும் முகம் ஒன்றுதானே? ஒரே முகம் இரண்டு பதிவுகளில் இருந்தால் கண்டுபிடிக்கத் தேர்தல் ஆணையத்திடம் மென்பொருள் இருக்கிறது.

‘முதலில் நீக்கிவிட்டு, அப்புறம்தானே சேர்க்கிறேன்’ என்பீர்கள். அந்த இடைவெளிதான் ஆபத்து. தேர்தல் அறிவித்து, வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தல் முடியும்வரை யாரையும் சேர்க்க முடியாது. பழையது போய், புதியது வராமல், அந்தத் தேர்தலில் சும்மா நிற்பீர்கள்.

உங்களுக்கான படிவம் 8. முகவரி மாற்றம், பெயர் திருத்தம், பாலினத் திருத்தம் எல்லாம் இதில்தான். மூன்று எழுத்தும் ஏழு இலக்கமுமாக உங்கள் வாக்காளர் அட்டையில் இருக்கும் எண்ணும் மாறாது. நீங்கள் புது வாக்காளர் இல்லை. ஏற்கெனவே இருக்கிற வாக்காளர். பெயரும் இடமும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ‘பட்டியலில் இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது பட்டியலைப் பார்த்துச் சொன்னதா, கையிலிருக்கும் அட்டையைப் பார்த்துச் சொன்னதா? என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அட்டையை நீட்டித்தான் பேசுகிறார்கள். அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியபோது கணக்கெடுப்புப் படிவம் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும். அங்கே யாரும் நிரப்பித் தந்திருக்காவிட்டால் பெயர் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள், அல்லது 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6 போடுவதில் தப்பே கிடையாது. அப்போது அந்த உறுதிமொழி உண்மையாகிவிடும். இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

படிவம் 8-இல் எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்று ஒன்றைத்தான் குறிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வேலை, ஆகவே இரண்டு விண்ணப்பம். முதலில் முகவரி மாற்றம், அது முடிந்தபின் திருத்தம் என்பது என் யோசனை. மாற்றிப் போட்டால் பெயர் திருத்தத்தை விசாரிக்க அப்பா வீட்டு வாசலில் ஆள் போய் நிற்கும். முகவரியை முதலில் கொண்டுவந்துவிட்டால், விசாரணை எதுவானாலும் நீங்கள் இருக்கும் வீட்டோடு முடியும். இரண்டுக்குமே அரசிதழ் நகலை வையுங்கள். பழைய பெயரில் இருக்கும் பதிவுக்கும் புதுப் பெயரில் இருக்கும் ஆதாருக்கும் நடுவே முடிச்சுப் போடுவது அந்த ஒரு தாள்தான்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசிதழின் பெயர் மாற்றப் பக்கத்தில் வரிசையாகப் பலருடைய அறிவிப்புகள் இருக்கும். பழைய பெயர், பிறந்த தேதி, முகவரி, ‘இனி இன்னார் என அழைக்கப்படுவேன்’ என்ற வரி, ஒவ்வொன்றும் அதே அச்சில். உங்களுடையதை மட்டும் கத்தரித்து ஒட்டாதீர்கள். வெளியான தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும் நகலெடுத்து, உங்கள் அறிவிப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்திடுங்கள். அதில் பெயருக்கு இனிஷியல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா. அரசிதழில் இல்லாத இனிஷியலைப் படிவத்தில் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டு, பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. தமிழ்ப் பட்டியலில் பெயர் தமிழில்தான் வரும் என்பதால், தமிழ்க் கட்டத்தில் கணினி தானாக நிரப்புவதை அப்படியே விடாமல் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அப்பா பெயர் விஷயம். உறவினர் பெயர் கேட்கும் இடத்தில் அப்பா, அம்மா, கணவர், மனைவியோடு, மூன்றாம் பாலினத்தவருக்குக் ‘குரு’ என்றும் படிவம் 6-இலேயே போட்டிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிலேயே பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். விரல் வைத்துக் காட்டுங்கள். திருத்த விண்ணப்பத்தில் உறவுமுறையையும் மாற்றக் கேட்டு, குருவின் பெயரை அவருடைய வாக்காளர் அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள்.

அடுத்து, பாலினம். 2009 நவம்பர் வரை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிதான் இருந்தது. அப்போதுதான் ‘இதர’ என்று எழுத ஆணையம் அனுமதித்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. அப்படியும் 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் 48 ஆயிரம் சொச்சம்தான். உங்கள் அடையாள அட்டை திருநங்கை என்று சொல்வதால் ‘மூன்றாம் பாலினம்’ என்று குறிப்பது இழுபறி இல்லாத வழி. 2019-ஆம் ஆண்டு மூன்றாம் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் ‘பெண்’ என்று திருத்திய சான்றிதழ் வாங்கியிருந்தால், அதை வைத்துப் ‘பெண்’ என்று கேளுங்கள்.

முகவரிக்கு, ஆதாரில் இப்போதைய வீடு இருந்தால் அதுவே போதும். பெயரை மட்டும் மாற்றி முகவரியை விட்டிருந்தால் வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியது செல்லாது.

வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். முழுதாக மறைத்துவிடலாம் என்று நான் சொன்னால் அது பொய். விண்ணப்பத்தின் நகலை அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பது விதி. பட்டியலும் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். உங்கள் பெயர் அந்த வீட்டு எண்ணிலிருந்து போய்விட்டது அங்கே தேடுகிறவர்களுக்குத் தெரியும். யாராவது தேடி வந்து மிரட்டுவார்கள் என்ற நிலை இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

இதெல்லாம் முடிவதற்குள் தேர்தல் வந்துவிட்டால்? பெயர் பட்டியலில் எங்கே இருக்கிறதோ, அந்தச் சாவடியில் பழைய பெயரிலேயே ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. அரசிதழ் நகலையும் பழைய வாக்காளர் அட்டையையும் கொண்டு போங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர் ‘இது அந்த ஆள் இல்லை’ என்று எழுந்தால் பதறாதீர்கள். ஆட்சேபிக்க அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபணை நிரூபணமாகாவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடலாம். வீண் வம்புக்கு எழுப்பியது என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் அரசாங்கத்துக்கு.