கேள்வி - பதில்: மூன்று முறை வந்தும் ஏன் டிரா இல்லை?

கேள்வி: சமூக மன்றச் சதுரங்கப் போட்டியில் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. யானையால் செக் மேல் செக் வைத்து அதே நிலையை மூன்றாம் முறை கொண்டுவந்தேன். கடிகாரத்தை அழுத்திவிட்டு ‘டிரா’ என்றேன். நடுவர் மறுத்துவிட்டாரே?
- வாசகர், யீஷூன்

பதில்: நடுவர் செய்தது சரி. கடிகாரத்தை அழுத்தியதும் முறை எதிராளிக்குப் போய்விட்டது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம்தான், ஆனால் நகர்த்தும் முறை யாருக்கோ அவர்தான் கேட்கலாம். காயைத் தொடாமல், நகர்த்தப்போவதை ஆட்டக் குறிப்புத் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. எதிராளி நகர்த்தி மூன்றாம் முறை வந்தால் எழுதவே வேண்டாம், உடனே கேட்கலாம். இரண்டிலும் காயைத் தொட்டால் அந்த வாய்ப்பு போச்சு!

மூன்று முறையும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. ஆனால் நகர்த்தும் முறை ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும்) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. அந்த உரிமை உள்ள ராஜா ஒரு கட்டம் போய்த் திரும்பினால் பலகை பார்க்க அப்படியேதான் இருக்கும், கணக்கில் வேறு நிலை. பலரும் சறுக்குவது இங்கேதான். தவறாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டத்தில் 1.

ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்க வேண்டாம், நடுவரே டிரா என்பார். கடைசி நிமிடங்களிலும் எழுதுவதை விடாதீர்கள். தாளில் இல்லாததை நிரூபிப்பது கடினம்.