சர்வாதிகாரக் கதைகளில் அரசு முதலில் மக்களின் துப்பாக்கியைப் பிடுங்குகிறதே, துப்பாக்கியே இல்லாத இந்தியர்கள் நாளை என்ன செய்வோம்?

நீங்கள் ஐடியில் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி அமெரிக்கத் தொடர் பார்க்கிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். துப்பாக்கியோடு ஒரே வீட்டில் இருந்து பழக்கமில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. எங்கள் வீட்டில் ரொம்ப வருஷம் ஒன்று இருந்தது. அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

அப்பா பெங்களூர் அல்சூரில் எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் போதவில்லை. எக்ஸ் சர்வீஸ்மேன், கையில் லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது என்றால் கன்மேன் வேலை சுலபமாகக் கிடைக்கும். கடன் வாங்கி 12 போர் இரட்டைக் குழல் ஒன்று வாங்கி, ஒரு நகைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் அது பீரோவில் அம்மாவின் புடவைகளுக்குப் பின்னால் நிற்கும். தோட்டா டிரங்குப் பெட்டியில், சாவி அப்பாவின் இடுப்பில். ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துச் சந்தனப் பொட்டு வைப்போம்.

சினிமாவில் காட்டாத விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கி என்பது பாதி இரும்பு, பாதி காகிதம். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது லைசென்ஸில் இருக்கும். வாங்கியதெல்லாம் கணக்கில் ஏறும். 3 வருஷத்துக்கு ஒருமுறை கமிஷனர் ஆபீஸில் புதுப்பிக்க வேண்டும் (2019 திருத்தத்துக்குப் பிறகு 5 வருஷம்). அரசு எப்போது வந்து பிடுங்கும் என்று கேட்கிறீர்கள். அப்பா கன்மேன் வேலையை விட்ட பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அவரே ஆட்டோ பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி.

2013 சட்டமன்றத் தேர்தலின்போது நானும் கூடப் போயிருந்தேன். பின்பக்க அறையில் சுவரோரமாக ஏகப்பட்ட துப்பாக்கிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சணலில் கட்டிய அட்டை. கான்ஸ்டபிள் சின்னப் பையன். "எலெக்‌ஷன் முகீலி, தாத்தா" (எலெக்‌ஷன் முடியட்டும்) என்று கன்னடத்தில் அன்பாகத்தான் சொன்னான். தேர்தல் முடிந்து, கோடை மழையும் ரெண்டு மூன்று பெய்த பிறகு திரும்ப வாங்கி வந்தோம். அப்பா குழலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே துரு. வராந்தாவில் பேப்பர் விரித்து, தடியில் சிந்தியைச் சுற்றி (பட்டாளத்தில் துடைக்கிற துணிக்கு அதுதான் பேர்), எண்ணெய் விட்டு இழுத்துக்கொண்டே இருந்தார். துணி முதலில் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது, அப்புறம் மஞ்சளாக. யாரையும் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க எங்களோடு சரியாகப் பேசவும் இல்லை.

இதற்காகத் தேர்தல் விதிமுறை தப்பு என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். வாக்குச்சாவடிக்குத் துப்பாக்கியோடு வருகிற ஊர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன. வாங்கி வைக்கிறவர்கள் கொஞ்சம் எண்ணெய் போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் 205 டிஎம்சி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் பாய்ந்தது. நான் பள்ளிக்கூடப் பையன். தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் எரிந்தன. எங்கள் தெருவில் தையல்கடைக்காரர் ஏணி போட்டு ஏறித் தமிழ்ப் போர்டை அவரே கழற்றினார். சாயங்காலம் அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "ஹவில்தார் அண்ணே, உங்ககிட்டதான் இருக்கே, எடுத்துட்டு வாசல்ல நில்லுங்க, போதும்."

அப்பா எடுக்கவில்லை. "ரெண்டு குழல், ரெண்டு வெடி. மூணாவதா வர்றவன் என்னையே பார்த்துக்கிட்டு நிப்பானா? அதுக்கப்புறம் போலீஸ் வந்தா முதல்ல யாரைத் தூக்கும்?" என்றார். வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதைத் தூக்கிப்போகவே கும்பல் வரும் என்றுதான் அவருக்குப் பயம். விளக்கை அணைத்து, பக்கத்து வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் எங்கள் உள் அறையில் படுக்க வைத்தார். துப்பாக்கி பாட்டியின் கட்டிலுக்கு அடியில், கோணிப்பைக்குள். கும்பல் எங்கள் சந்துக்குள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துப்பாக்கியால் தப்பித்தோம் என்று மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அது கும்பல், நான் கேட்டது அரசு என்பீர்கள். அரசு என்றால் நிலைமை இன்னும் மோசம், அதன் ரெஜிஸ்டரில் துப்பாக்கியின் நம்பரும் உங்கள் முகவரியும் இருக்கின்றன. 1984-இல் வந்த 'ரெட் டான்' என்ற அமெரிக்கப் படத்தில், படையெடுத்து வரும் அதிகாரி முதல் வேலையாகத் துப்பாக்கி விற்கும் கடைக்கு ஆள் அனுப்பி, 4473 என்ற படிவங்களை எடுத்து வரச் சொல்வான். வாங்கியவர்களின் பெயர் அதில் இருக்கும். அமெரிக்கர்களுக்கு இந்தப் பட்டியல் பயம் நிஜமாகவே உண்டு. துப்பாக்கி உரிமையாளர்களுக்கு மத்திய அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டுக்கொண்டார்கள்.

"ஹிட்லர் பிடுங்கினானே" என்று கமெண்டில் ஒருவர் வருவார். 1938-இல் வந்த நாஜிச் சட்டம் பெரும்பாலான ஜெர்மானியர்களுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யூதர்களுக்கு மட்டும் அதே வருஷம் நவம்பரில் அடியோடு தடை. அதற்குள் அவர்களின் குடியுரிமை, உத்தியோகம் எல்லாம் போய்விட்டிருந்தது. துப்பாக்கி முதலில் போகவில்லை.

இன்னொருவர் என்னை அரசாங்கத்தின் கையாள் என்பார். இல்லை ஐயா. வெள்ளைக்காரன் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்து, நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த சட்டம். ஆங்கிலேய ஆட்சியின் கெடுதல்களிலேயே அதுதான் மிகக் கறுப்பானது என்ற அர்த்தத்தில் எழுதியவர் வேறு யாருமில்லை, காந்தி. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் என்ற உறுப்பினர் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை, தோற்றுப்போனது. நானாக இருந்தால் நானும் அம்பேத்கர் பக்கம்தான். ஆனால் காமத் கேட்டது கிறுக்குத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று பட்டது வேறு விஷயம். அல்சூரில் எனக்கு ஜெராக்ஸ், டிடிபி கடை. ஒருநாள் பேப்பர் சப்ளையருக்குப் பணம் அனுப்பப் போனால் போகவில்லை. வங்கியில் கேட்டால் அக்கவுண்ட் ஃப்ரீஸ். எப்போதோ யாரோ ஸ்கேன் செய்து போட்ட 300 ரூபாய் எங்கேயோ மோசடியில் போன பணமாம், வடக்கே ஒரு மாநிலத்தின் சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதாம். எனக்கு ஒரு போன் இல்லை, நோட்டீஸ் இல்லை. 300 ரூபாய்க்கு மொத்த இருப்பும் முடக்கம். அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் நேரில் வா என்கிறார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. இப்படி முடக்குவதைச் சில உயர் நீதிமன்றங்களே கண்டித்திருக்கின்றன என்பதெல்லாம் வக்கீல் சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்கவும் ஃபீஸ் கொடுத்தேன்.

அப்போது மகள்தான் சொன்னாள், "அப்பா, இது அட்வுட் நாவல்ல வருது." மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. அதில் நாயகி வழக்கமான கடையில் சிகரெட் வாங்கப் போவாள், அவள் கணக்கு எண் செல்லாது என்று வரும். அன்றைக்கே வேலையும் போகும். பெண்கள் எல்லோருடைய கணக்கும் ஒரே நாளில் முடக்கப்பட்டிருக்கும். யார் வீட்டிலும் துப்பாக்கி தேடிப் போலீஸ் வரத் தேவையே இல்லை. இத்தனை கதைகளில் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கடைக் காட்சி ஒன்றுதான்.

நிஜத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 1975 ஜூன் 25, இந்திரா காந்தி அவசரநிலை கொண்டுவந்த ராத்திரி, டெல்லியில் பத்திரிகை ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் கரண்டை நிறுத்தினார்கள். இங்கே பெங்களூரில் தங்கியிருந்த வாஜ்பாயியையும் அத்வானியையும் மறுநாள் பிடித்தார்கள். பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு, துப்பாக்கி இல்லாத பழைய குடும்பம் அங்கே அபூர்வம். அவசரநிலை அந்த மலைக்கும்தான் வந்தது. துப்பாக்கியால் இல்லை, 1977-இல் ஓட்டில்தான் போனது. அதற்கும் நாம் மார்தட்ட வழியில்லை, கர்நாடகத்தில் 28 இடத்தில் 26 அப்போதும் காங்கிரஸுக்குத்தான்.

ஆகவே, என்ன செய்வோம் என்று கேட்டால், இரட்டைக் குழல் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரே வங்கியில் எல்லாப் பணத்தையும் வைக்காதீர்கள், தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கட்டும். கமெண்டில் அப்பாவின் துப்பாக்கியை விலைக்குக் கேட்க வேண்டாம், அவர் போன பிறகு முறைப்படி டீலரிடம் ஒப்படைத்தாயிற்று. என் அக்கவுண்டையும் ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். அந்த 300 மட்டும் இன்னும் லியனில், அதாவது எடுக்க முடியாதபடி வங்கியின் பிடியில், நிற்கிறது.