ஸ்பானிஷ் ‘சுவெல்தோ’வுக்கும் ஆங்கில ‘சோல்ஜரு’க்கும் உறவு உண்டா?

உண்டு, நெருங்கிய உறவுதான். ஸ்பானிஷில் சுவெல்தோ என்றால் மாதச் சம்பளம். இரண்டும் சோலிதுஸ் என்ற ரோமானியப் பொற்காசிலிருந்து கிளைத்தவை.

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அடிக்க வைத்த காசு அது. ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு, அதாவது ஒன்று சுமார் 4.5 கிராம். முந்தைய பொற்காசின் எடை ஆட்சிக்கு ஆட்சி தேய்ந்துவந்ததால், புதியதற்குக் ‘கெட்டியானது’ என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் காப்பாற்றவும் செய்தது. 11ஆம் நூற்றாண்டு வரை அதன் தங்க மாற்றில் பெரிதாகக் கைவைக்கவில்லை.

பேச்சில் நடுவே இருந்த ‘லி’யின் இகரம் தேய்ந்து சொல்தோ ஆனது. லத்தீன் குறில் ஒகரம் அழுத்தம் பெறும் இடத்தில் ஸ்பானிஷில் ‘உவெ’ என்று உடையும், அதனால் சுவெல்தோ. படைவீரனைக் குறிக்கும் சொல்தாதோவில் அழுத்தம் ‘தா’வுக்குப் போய்விடுவதால் ஒகரம் அப்படியே நிற்கிறது. காசு வாங்கிப் போரிடுபவன் என்பதே பொருள். ஆங்கில சோல்ஜர் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைச் ‘சொல்தா’ என்பதும் இதே குடும்பம்தான்.

‘கெட்டி’ என்ற மூலப்பொருளிலிருந்து வந்தவை சாலிட், கன்சாலிடேட், சால்டரிங். ஸ்பானிஷில் ‘நான் பற்றவைக்கிறேன்’ என்பதும் சுவெல்தோ என்றே வரும். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் வெல்டர் பேச்சில் சம்பளம் நுழைந்துவிடும்! ஸ்பானிஷ் ஏடிஎம் திரையில் இருப்புத்தொகைக்கு வரும் ‘சால்தோ’வும் இத்தாலி சுற்றி வந்த உறவினர்.

பலர் சறுக்கும் இடம் ஷில்லிங். அது ஜெர்மானியச் சொல், இந்தக் குடும்பமே இல்லை. ஆனால் 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டன் ஷில்லிங்குக்குப் போட்ட ‘எஸ்’ சோலிதுஸின் முதலெழுத்து. 12 தெனாரியுஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) ஒரு சோலிதுஸ், 20 சோலிதுஸ் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கின் மிச்சம். பென்னிக்குப் போட்ட ‘டி’ தெனாரியுஸ். ஸ்பானிஷில் பணத்தைக் குறிக்கும் ‘தினேரோ’வும் அதுவே.

சம்பளத்துக்கான இன்னொரு சொல்லான ‘சலாரியோ’ வேறு குடும்பம், ஆங்கில சாலரியின் உறவு. அதன் வேர் உப்பு என்பது சரி. ஆனால் ரோமானியப் படைக்கு உப்பாகவே படியளந்தார்கள் என்று இணையத்தில் சுற்றும் கதைக்குப் பழைய நூல்களில் சான்று கிடையாது.