ஹாஜியின் பிரெஷா ஆண்டுகள்: பட்டியலில் பிழையில்லை

வணக்கம். ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையில் ருமேனியக் கால்பந்து நடுகள வீரர் கெயோர்கே ஹாஜி இத்தாலியின் இரண்டாம் நிலை லீகில் ஆடியதாக அவர் ஆடிய அணிகளின் பட்டியலில் வருவது பிழையோ என்று கேட்டிருந்தீர்கள், பிழையில்லை. 1992இல் அவர் தம் நாட்டவரான மிர்ச்சா லூச்செஸ்கு பயிற்றுவித்த இத்தாலிய அணியான பிரெஷாவுக்குச் சென்றார். மறு ஆண்டே அந்த அணி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியபோதும் விலகாமல் நின்று, 1994இல் அதை மீண்டும் மேலே ஏற்றிவிட்டார். அந்தக் கோடையின் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக இடப்பக்கக் கோட்டருகிலிருந்து அவர் தூக்கியடித்த பந்து கோல்காப்பாளரின் தலைக்கு மேல் வளைந்து வலைக்குள் விழுந்ததே, அதற்குப் பின்புதான் பார்சிலோனா. அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தங்கள் கட்டுரையில் கூடுதல் இடத்தைக் அவர் துருக்கி அணியான கலாத்தசராயில் ஆடிய காலத்துக்கு ஒதுக்குங்கள்: ஐரோப்பிய அணிகளுக்கான 2000 யூஃபா கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியும், பத்துப் பேருடன் தாக்குப்பிடித்த அணி இங்கிலாந்தின் ஆர்சனலைப் பெனால்டியில் வென்றது.